நுரைக்கல்: சிமெண்டிலா, சாம்பலிலா?

கன மீட்டருக்கு 800 கிலோ எடையில் நுரைக்கல், அதாவது நுரை கலந்த இலேசான கான்கிரீட், வார்க்க சிமெண்ட் வழி சுலபம். அச்சைக் கழற்றியபின் ஈரம் காயாமல் பார்த்தால் போதும். அளவு சற்றுப் பிசகினாலும் பொறுத்துக்கொள்ளும்.

அனல்மின் நிலையச் சாம்பலைக் காரத்தால் இறுக்குவது அப்படியல்ல. 8 மோலார் செறிவுள்ள காரக் கரைசலுக்கு 320 கிராம் காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் சிறிது சிறிதாகப் போட்டு, ஆறியபின் ஒரு லிட்டராக்க வேண்டும். சோடாமேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது: அரித்து ஹைட்ரஜன் கிளம்பும். எடையில் இந்தக் காரக் கரைசலைப்போல் இரண்டரை மடங்கு சோடியம் சிலிகேட் கரைசல் சேர்ப்பது வழக்கம். சுண்ணாம்பு குறைந்த சாம்பல் மட்டுமென்றால் 60 டிகிரியில் 24 மணி நேரச் சூடு தேவை. இரும்பு உலைக் கசடுத்தூள் கலந்தால் சூடின்றியே இறுகும். கசடுத்தூள் மிகுந்தால் நுரை சேர்க்குமுன்பே கெட்டியாகிவிடும். காரம் மிஞ்சினாலோ சுவரில் வெள்ளை பூக்கும்.