வகுப்பறையா, விருந்து மேசையா? கொலம்பியாவில் யூதக் கல்வி

நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒருவருக்கு யூத மரபைக் கற்கும் ஆசை வந்தால் வழிக்குப் பஞ்சமில்லை. துறை வகுப்புகள் உண்டு, ஆறு தெரு வடக்கே ஒரு செமினரி, அதாவது மதக் கல்லூரி உண்டு, ஹில்லெல் என்ற யூத மாணவர் அமைப்பு உண்டு, மரபைக் கண்டிப்பாகப் பின்பற்றும் (ஆர்த்தடாக்ஸ்) யூத இயக்கமான ஹபாத் உண்டு. எங்கே போனாலும் கையில் எடுப்பது அதே தோராவும் அதே தால்மூடும்தான்: முன்னது மோசேயின் ஐந்து நூல்கள், பின்னது ரப்பிகள் எனும் யூத மதகுருக்களின் விவாதத் தொகுப்பு. நூல் கிடைப்பதும் இன்று பிரச்சினை இல்லை: செஃபாரியா தளத்தில் ஸ்டைன்சால்ட்ஸின் ஆங்கில மொழிபெயர்ப்போடு தால்மூட் 2017 முதல் இலவசம். ஆகவே ஒப்பிட வேண்டியது பாடத்திட்டத்தை அல்ல. படித்து முடித்தவரிடம் யார் எதை எதிர்பார்க்கிறார்கள் என்பதை.

ஒரு உதாரணத்தை வைத்துக்கொள்வோம். பத்துக் கட்டளைகள் பைபிளில் இரண்டு இடத்தில் வருகின்றன. ஓய்வுநாளை ஏன் அனுசரிக்க வேண்டும்? கடவுள் ஏழாம் நாள் ஓய்ந்ததால் என்கிறது யாத்திராகமம். நீ எகிப்தில் அடிமையாக இருந்தாயே, அதனால் என்கிறது உபாகமம். ஏன் இரண்டு காரணம்?

பல்கலைக்கழக வகுப்பில் இது ஒரு தடயம். வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு கைகள் எழுதியதன் அடையாளமாகப் பார்ப்பார்கள். கொலம்பியாவில் இதற்கு நல்ல பரம்பரை இருக்கிறது. 1930இல் யூத வரலாற்றுப் பேராசிரியராக வந்த சாலோ பாரன், யூத வரலாற்றை வெறும் கண்ணீர்க் கதையாகச் சொல்லும் வழக்கத்தையே எதிர்த்தவர். நாஜி அதிகாரி ஐக்மன் மீது 1961இல் நடந்த வழக்கில் சாட்சியும் சொன்னார். இங்கே நீங்கள் யூதரா என்று யாரும் கேட்க மாட்டார்கள். கட்டுரை எழுத வேண்டும், மதிப்பெண் வரும், பட்டத்துக்குக் கணக்காகும். யூதரல்லாதவருக்கு நான் தயங்காமல் சொல்வது இதைத்தான். ஆனால் ‘சரி, இந்த ஓய்வுநாளை நான் அனுசரிக்க வேண்டுமா?’ என்று கேட்டால் பேராசிரியர் சிரித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். அது அவர் வேலை அல்ல.

பிராட்வேயில் 122ஆம் தெருவில் இருக்கும் யூத இறையியல் செமினரியில் அந்தக் கேள்விக்கும் இடம் உண்டு. 1886இல் தொடங்கியது, ஆர்த்தடாக்ஸுக்கும் தாராளப் பிரிவுகளுக்கும் நடுவில் நிற்கும் கன்சர்வேட்டிவ் யூதப் பிரிவின் மையம். செல்மாவில் கறுப்பினத்தவரின் உரிமைப் பேரணியில் மார்ட்டின் லூதர் கிங்கோடு நடந்த ரப்பி ஆபிரகாம் ஜோஷுவா ஹெஷல் பாடம் நடத்திய இடம். 1985 முதல் பெண்களுக்கும் ரப்பி பட்டம் தருகிறது. கொலம்பியாவோடு கூட்டாக நடத்தும் திட்டத்தில் சேர்ந்தால் இரண்டு இளங்கலைப் பட்டங்கள். சுமையும் இரண்டு மடங்குதான். ஆனால் தால்மூட் படிப்பு என்றால் என்ன என்று தெரிய வேண்டுமானால் இப்படியோர் இடத்தில்தான் தெரியும். பக்கத்தின் நடுவில் மூலம், ஒரு ஓரத்தில் இடைக்கால உரையாசிரியர் ராஷியின் உரை, மறு ஓரத்தில் அவருக்குப் பின் வந்தவர்களின் குறிப்புகளான தோசஃபோத். ராஷி சொன்னதை அவருடைய பேரன்மாரே அங்கே மறுத்துக்கொண்டிருப்பார்கள். இருவர் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் உரக்க வாசிக்க மற்றவர் மடக்க, மணிக்கணக்கில் போகும். இந்த ஜோடிப் படிப்புக்கு ஹவ்ரூதா என்று பெயர். அறை முழுக்கச் சத்தம். நம் நூலக ஒழுங்கு இங்கே செல்லாது. நம் உதாரணமும் இந்த மேசையில் வேறாகிவிடும். கட்டளையின் இரண்டு வடிவமும் ஒரே மூச்சில் சொல்லப்பட்டவை என்று தால்மூட் சொல்லும். அதெப்படி முடியும் என்று ஒருவர் கேட்பார். அதற்கப்புறம் மதிய உணவை மறந்துவிடலாம்.

ஹில்லெல் 1923இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பிறந்த மாணவர் அமைப்பு. கொலம்பியாவுக்கும் அதோடு இணைந்த பர்னார்டு மகளிர் கல்லூரிக்கும் சேர்த்து 115ஆம் தெருவில் அதற்கென்று ஒரு கட்டடம். ஆர்த்தடாக்ஸ் மாணவரும், எதிலும் நம்பிக்கை இல்லாதவரும் ஒரே கூரையின் கீழ். பல வளாகங்களின் ஹில்லெல்கள் நடத்தும் யூதக் கற்றல் ஃபெலோஷிப் பத்து வார உரையாடல். முடித்தால் ஒரு சிறு தொகையும் தருவதுண்டு. படிக்கக் காசு கொடுப்பதா என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் குறை தெரியவில்லை. பகுதிநேர வேலையை விட்டுவிட்டு வரும் மாணவருக்கு அது நியாயம்தான். என் குறை வேறு: ஓய்வுநாள் உனக்கு என்ன அர்த்தம் தருகிறது என்று கேட்பார்கள், பதில் எதுவானாலும் தலையாட்டுவார்கள். இந்தத் தாராளம் இஸ்ரேல் பற்றிப் பேச்சு வந்ததும் சுருங்கும். யாரோடு சேர்ந்து நிகழ்ச்சி நடத்தலாம் என்று 2010இல் போட்ட விதிகளை எதிர்த்து மாணவர்களே ‘திறந்த ஹில்லெல்’ என்று கிளம்பினார்கள்.

ஹபாத்தில் இந்தத் தலையாட்டல் கிடையாது. முதல் வளாக வீடு 1969இல் லாஸ் ஏஞ்சலஸில் திறந்தது, தலைமையகம் புரூக்ளினில். ஒரு ரப்பியும் அவர் மனைவியும் வளாகத்தருகே குடியிருந்து, வெள்ளி இரவு யார் வந்தாலும் சோறு போடுவார்கள். அன்பு நிஜம். சினாய் மலையில் கடவுள் பேசிக் கட்டளைகளைத் தந்தார் என்பதும் அங்கே நிஜம். அதில் விவாதம் இல்லை. அவர்களுடைய சினாய் ஸ்காலர்ஸ் வகுப்பின் பாடமே பத்துக் கட்டளைகள்தான், ஆனால் அது யூத மாணவருக்கு மட்டும். கடைசியில் எதிர்பார்ப்பது ஒரு செயல்: இந்த வாரம் ஓய்வுநாள் விளக்கேற்றிப் பார், கையில் தெஃபிலின் (வேத வாசகம் வைத்த தோல் பெட்டி) கட்டிப் பார்.

என் தேர்வு: முதல் ஆண்டிலேயே துறையில் ஹீப்ரு. எழுத்துக் கூட்டக்கூடத் தெரியாமல் பத்து வார வகுப்பு எத்தனை முடித்தாலும் மொழிபெயர்ப்பாளரின் தயவில்தான் இருப்பீர்கள். வெள்ளி இரவுகளுக்கு ஹில்லெல், ஹபாத் இரண்டு மேசையும் முயன்று பார்க்கலாம். செமினரி மட்டும் அப்படி எட்டிப் பார்த்துத் தீர்மானிக்கக்கூடியது அல்ல. கூட்டுத் திட்டத்துக்கு இரண்டு நிறுவனங்களும் உங்களை ஏற்க வேண்டும். ஆகவே அந்த யோசனை இருந்தால் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போதே விசாரித்துவிடுங்கள்.