ஒழுகுற இடம் யாரோட வேலை? பழைய வண்ணாரப்பேட்டையில் முற்றத்துக் கூரை மாத்தின அனுபவம்

பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் தாத்தா காலத்து வீட்டை வச்சுக்கிட்டு வெளிநாட்டுல உட்கார்ந்திருக்கிறவங்க நிறைய பேர் இருக்கோம். அவங்களுக்கு உபயோகப்படும்னுதான் இதை எழுதறேன். ஜூலை கடைசியில டொரண்டோவிலிருந்து ஊருக்குப் போனேன். ஒரு கல்யாணம், அம்மாவோட கண் செக்கப், அப்புறம் முற்றத்துக்கு மேல இருக்கிற ஷீட்டை மாத்தணும். முதல் ரெண்டும் சுலபமா முடிஞ்சுது. மூணாவதுதான் லீவைத் தின்னுடுச்சு.

அந்த ஏரியா வீடுகளோட அமைப்பு தெரியாதவங்களுக்காகக் கொஞ்சம் சொல்லிடறேன். ரெண்டு பக்கமும் பக்கத்து வீட்டோட ஒட்டின சுவர். பக்கவாட்டுல ஜன்னலுக்கு வழியே கிடையாது. தெருவாசல்ல நின்னா கொல்லைக் கதவு தெரியற நீள வீடு. நடுவுல முற்றம், வெளிச்சமும் காத்தும் அது வழியாத்தான். பாட்டி இருந்தப்போ அது திறந்தே கிடந்துது. மழைத்தண்ணி உள்ளே விழுந்து தூம்பு வழியா வெளியே போயிடும். அப்புறம் திருட்டு பயத்துக்கு இரும்புக் கிரில் போட்டாங்க. பட்டமும் மாஞ்சா நூலும் காக்கா போட்ட எலும்பும் விழுதுன்னு அதுக்கு மேல ஃபைபர் ஷீட். 2016 டிசம்பர்ல வர்தா புயல் அந்த ஷீட்டைப் பிச்சுக்கிட்டுப் போச்சு. அதுக்கப்புறம் போட்டதுதான் பாலிகார்பனேட்ங்கிற கெட்டி பிளாஸ்டிக் ஷீட். அது இப்போ மஞ்சள் பூத்துப்போய், மழை வந்தா முற்றத்தைச் சுத்தி பக்கெட் வைக்கிற நிலைமை.

வந்து பாத்தவங்க எல்லாருமே வேலை தெரிஞ்சவங்கதான், குறை சொல்ல மாட்டேன். ஆனா ஒவ்வொருத்தரும் அடுத்தவர் வேலையைத்தான் கை காட்டினாங்க. ஷீட் கடைக்காரர், "ஷீட்ல ஒண்ணுமில்ல சார், தளத்துல இறங்குது"ன்னார். வெல்டர் மேல ஏறிப் பாத்துட்டு, "ஃபிரேம் ஸ்ட்ராங்கா இருக்கு ணா, சிலிகான் போட்டவன் சொதப்பிட்டான்"னார். சிலிகான்னா இடுக்கை அடைக்கிற பசை. போன்ல புக் பண்ணினா வீட்டுக்கே வர்ற வாட்டர்ப்ரூஃபிங் கம்பெனி ஒண்ணு, இஸ்திரி போட்ட சட்டையில ஒரு பையனை அனுப்பினாங்க. அவர் ஏணியில பாதி வரைக்கும் ஏறி நாலு போட்டோ எடுத்துட்டுப் போனார். சாயந்தரம் மொட்டை மாடி முழுக்க கோட்டிங் அடிக்கணும்னு வாட்ஸ்அப்ல ஒரு கொட்டேஷன். அந்தத் தொகைக்கு முற்றத்தையே ரெண்டு தடவை புதுசா மூடலாம். எங்கே ஒழுகுதுன்னு அதுல ஒரு வரி இல்லை.

கடைசியில வழி காட்டினது அம்மாதான். எங்க பின் சந்துல இருக்கிற வயசான கொத்தனார், மெட்ராஸ் டெரஸ் வேலை தெரிஞ்சவர். "மேஸ்திரியக் கூப்பிடு, அவர் இந்த வீட்டுத் தளத்தைப் பார்த்திருக்கார்"னாங்க. மெட்ராஸ் டெரஸ்னா தேக்கு உத்தரம், அதுக்கு மேல கட்டை, கட்டை மேல சுண்ணாம்புல நெட்டுக்குத்தா வச்ச செங்கல், அதுக்கு மேல செங்கல் ஜல்லி போட்டு இடிச்ச சுண்ணாம்புக் காரை, எல்லாத்துக்கும் மேல தட்டோடு. இதுல கான்கிரீட்டோ கம்பியோ கிடையாது. இது தெரியாம மேல கை வைக்கிறவங்களாலதான் பாதி வீடுகள் ஒழுகுது.

மேஸ்திரி வந்ததும் பேசவே இல்லை. ஒரு பக்கெட் தண்ணியும் சொம்பும் கேட்டார். என்னைக் கீழே முற்றத்துல நிக்கச் சொன்னார். முதல்ல தளத்துல மட்டும், ஃபிரேமுக்கு ஒரு அடி தள்ளி ஊத்தினார். காத்திருந்தோம், ஒண்ணும் வரல. அப்புறம் ஃபிரேமோட கால் தளத்துல உட்கார்ந்திருக்கிற இடத்துல ஊத்தினார். ரெண்டாவது சொம்புக்கே மேற்கு ஓரத்து உத்தரத்துல ஈரம் கசிஞ்சு சொட்ட ஆரம்பிச்சுது. கடைசியாத்தான் ஷீட் மேல ஊத்தினார். அங்கேயும் ரெண்டு ஸ்க்ரூ பக்கத்துல சொட்டு. கீழேயிருந்து மேலே போகணும், மேலேயே முதல்ல ஊத்திட்டா எல்லா இடமும் நனைஞ்சு எது எதுன்னு தெரியாதுன்னார். இத்தனை பேர் வந்ததுல தண்ணி ஊத்திப் பாத்தவர் அவர் ஒருத்தர்தான்.

மேலே போய்ப் பாத்தேன். ஃபிரேமோட காலை ஆங்கர் போல்ட் வச்சு நேரா சுண்ணாம்புத் தளத்துல முடுக்கியிருந்தாங்க. ஆங்கர் போல்ட் உள்ளே விரிஞ்சு கான்கிரீட்டைக் கவ்விப் பிடிக்கிற சாமான். சுண்ணாம்புக் காரையில அது கவ்வாது, சுத்தியிருக்கிறதை உதிர்த்துத்தான் விடும். காத்துல ஃபிரேம் ஆட ஆட ஓட்டை பெருசாயிடுச்சு. அதை மூட மேல சிமென்ட் பூசியிருந்தாங்க. அந்தப் பூச்சுக்கும் பழைய காரைக்கும் நடுவுல என் நகம் உள்ளே போச்சு. "சுண்ணாம்பு மேல சிமென்ட் போட்டா அது தனியா நிக்கும் தம்பி, இது தனியா நிக்கும்"னார் மேஸ்திரி.

ஷீட்டைக் கழட்டினப்போ அதோட கதையும் தெரிஞ்சுது. ஓரத்தை விரலால அழுத்தினா அப்பளம் மாதிரி நொறுங்குச்சு. மல்டிவால், அதாவது உள்ளே வரிசையா குழல் இருக்கிற பாலிகார்பனேட்ல பொதுவா ஒரு பக்கத்துக்குத்தான் வெயில் தாங்கற யு.வி. பூச்சு இருக்கும்; எந்தப் பக்கம்னு மேல ஒட்டியிருக்கிற பிளாஸ்டிக் பேப்பர்லயே அச்சடிச்சிருப்பாங்க. பேப்பரை முதல்லயே உரிச்சுப் போட்டுட்டு மாட்டினா எது மேல், எது கீழ்னு தெரியாது. எங்க வீட்டுல அப்படித்தான் நடந்திருக்கணும். ஷீட்டோட ரெண்டு முனையும் டேப் ஒட்டாம திறந்தே இருந்துது; குழல்களுக்குள்ள பச்சைப் பாசியும் செத்த எறும்பும். மேல் முனைக்குத் தண்ணி புகாத டேப், கீழ் முனைக்கு உள்ளே சேர்ற ஈரம் வெளியே போற மாதிரி பொடி ஓட்டை வச்ச டேப், ரெண்டும் வேற வேற.

இன்னொண்ணு, ஸ்க்ரூ ஓட்டை. பாலிகார்பனேட் வெயில்ல நல்லா நீளும். ராத்திரிக்கும் உச்சி வெயிலுக்கும் ஷீட்டோட சூடு 45 டிகிரி ஏறினா ஒரு மீட்டருக்கு கிட்டத்தட்ட 3 மி.மீ. அதனால ஸ்க்ரூவை விடப் பெரிய ஓட்டை போட்டு, ரப்பர் வாஷர் லேசா அமுங்கற அளவுக்கு மட்டும் முடுக்கணும். இதுல வாஷர் பிதுங்கி வெளியே வந்திருந்துது, ஓட்டையைச் சுத்தி நட்சத்திரம் மாதிரி விரிசல். சிலிகான்லயும் விஷயம் இருக்கு. போடறப்போ வினிகர் வாசனை அடிக்கிற வகை பாலிகார்பனேட்டைக் கெடுக்கும். நியூட்ரல்னு எழுதியிருக்கிறதைத்தான் கேட்டு வாங்கணும்.

டொரண்டோவுல என் வீட்டுலயும் ஸ்கைலைட், அதாவது கூரையில வச்ச கண்ணாடி ஜன்னல் இருக்கு. அங்கே சாய்வுக் கூரை, மேல ஷிங்கிள்னு ஒண்ணு மேல ஒண்ணு ஏறின மாதிரி அடுக்கின வில்லைகள். கண்ணாடியோடவே ஃபிளாஷிங்னு வளைச்ச தகடு செட்டா வரும்; கூரையை வெட்டற ரூஃபரே அதை ஷிங்கிளுக்கு அடியில படிப்படியா செருகிட்டுப் போவார். ஒழுகினா கூப்பிட வேண்டியது ஒரே ஆள். அதுக்காக அங்கே எல்லாம் ஒழுங்குன்னு இல்லை. பனிக்காலத்துல கண்ணாடியில உள்பக்கம் ஈரம் கோத்து சொட்டும், ஆள் வர வாரக்கணக்கா ஆகும், பில்லைப் பாத்தா மயக்கம் வரும். இங்கே காலையில அளவு எடுத்த வெல்டர் மறுநாள் ஃபிரேமோட வந்து நிக்கிறார். கை வேலைக்குக் குறைச்சலே இல்லை. இரும்பு வெல்டருக்கு, ஷீட் கடைக்காரருக்கு, தளம் கொத்தனாருக்கு. மூணும் சேர்ற அந்த நாலு இன்ச்சுக்குத்தான் ஆள் கிடையாது, தண்ணி இறங்கறதும் அங்கேதான். நான் மேஸ்திரிகிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணு: "மொத்த வேலைக்கும் நீங்க பொறுப்பு எடுத்துக்குவீங்களா? வெல்டர் உங்க பேச்சைக் கேக்கணும்." கொஞ்சம் யோசிச்சார். சரின்னார். அவர் கூலிக்கு மேல தனியா ஒரு தொகை பேசினோம்.

ஆடி மாசம் வேற. "ஆடியில வீட்டு வேலை ஆரம்பிக்கலாமா?"ன்னு அம்மா இழுத்தாங்க. "ரிப்பேருக்கு ஆடி ஆவணில்லாம் கிடையாதும்மா, ஒழுகறது காத்துக்கிட்டா இருக்கும்?"னு மேஸ்திரி முடிச்சுட்டார். ஆனா ஞாயித்துக்கிழமை வேலை நடக்கும்னு நினைக்காதீங்க. தெருவுக்குத் தெரு அம்மன் கோயில்ல கூழ் ஊத்தறாங்க, சித்தாள் வரமாட்டாங்க, ஸ்பீக்கர் சத்தத்துல போன் பேசக்கூட முடியாது.

வேலை இப்படிப் போச்சு. முற்றத்து வாயைச் சுத்தி தட்டோட்டை ஒரு வரிசை எடுத்து, முக்கா அடி உயரத்துக்குச் செங்கல் திட்டு கட்டி, திட்டும் தளமும் சேர்ற மூலையைச் சுண்ணாம்புக் காரையாலயே சரிவா வளைச்சு விட்டார். ஃபிரேமை போல்ட் அடிச்சு தளத்துல முடுக்கல. திட்டுக்கு மேல சின்னதா ஒரு கான்கிரீட் பட்டி போட்டு அதுல பதிச்சாங்க. ஷீட் திட்டைத் தாண்டி வெளியே தொங்குது. வாட்டம் அடிக்கு ரெண்டு இன்ச். கட்டடங்கள் தாங்க வேண்டிய சுமைக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 875ல சென்னைக்கு அடிப்படைக் காத்து வேகம் நொடிக்கு 50 மீட்டர்னு வச்சிருக்காங்க. அதனால ஓரத்துல ஸ்க்ரூவை நெருக்கி அடிக்கச் சொன்னேன். ஷீட் பிச்சுக்கிறது எப்பவும் ஓரத்துலேர்ந்துதான். சூடு மேலே தேங்காம இருக்க ரெண்டு பக்கம் லூவர், அதாவது சாய்வுத் தகடு அடுக்கின காத்துவழி விட்டு உள்ளே கொசுவலை. முன்னாடி அடைச்சு வச்சப்போ மத்தியானத்துல முற்றத்துல நிக்க முடியாது, இப்போ அம்மா அங்கேயே உட்கார்ந்து கீரை ஆயறாங்க.

கண்ணாடி போடலாமான்னும் பாத்தேன். கடையில "டஃபன்ட் போடுங்க சார், உடையவே உடையாது"ன்னாங்க. அது சூடேத்தி இறுக்கின கண்ணாடி, சாதாரணக் கண்ணாடியை விட நாலஞ்சு மடங்கு பலம்தான், ஆனா உடைஞ்சா மொத்தமும் பொடிக்கல்லா தலையில கொட்டும். அபூர்வமா எதுவும் படாமலே தானா உடையறதும் உண்டு. தலைக்கு மேல போடறதுக்கு லேமினேட்டட்தான் சரி. நடுவுல இருக்கிற படலம் உடைஞ்ச துண்டுகளைப் பிடிச்சுக்கும். ஆனா 12 மி.மீ. கண்ணாடின்னா சதுர மீட்டருக்கு 30 கிலோ. தாத்தா காலத்து உத்தரத்து மேல அதை ஏத்த மனசு வரல. கான்கிரீட் தளம் இருக்கிறவங்க தாராளமா போடலாம். நாங்க பால் வெள்ளை பாலிகார்பனேட் போட்டோம், வெளிச்சம் கண்ணைக் குத்தாம பரவலா விழுது.

வெல்டரோடதான் ஒரே வாக்குவாதம். காசிமேடு கடல் அவ்வளவு தூரமில்லை, உப்புக்காத்து இரும்பை விடாது. ஜி.ஐ. பைப் வாங்கினாலும் வெல்டிங் வச்ச இடத்துல துத்தநாகப் பூச்சு எரிஞ்சு போயிடும், துரு அங்கேதான் ஆரம்பிக்கும். அந்த இடத்துக்கு ஜிங்க் பிரைமர் அடிக்கச் சொன்னா, ரெட் ஆக்சைடு போதும்னு நின்னார். நானே போய் வாங்கிட்டு வந்தேன். சர் தியாகராயா கல்லூரி ஸ்டேஷன்ல மெட்ரோ ஏறி மண்ணடியில இறங்கினா லிங்கிச் செட்டித் தெரு நடக்கிற தூரம். ஸ்டீல் ஸ்க்ரூ, வாஷர் எல்லாம் அங்கேயே முடிஞ்சுது. 2021ல மெட்ரோ விம்கோ நகர் வரைக்கும் நீண்டதுல நம்ம ஆட்களுக்குக் கிடைச்ச நிஜ லாபம் இது. ஷீட்டைத் துடைக்கிறதுக்கு சோப்புத் தண்ணியும் மெத்துத் துணியும் போதும். தின்னர், ஆசிட் பக்கமே போகக்கூடாது. துறைமுகத்துல நிலக்கரி இறக்கினப்போ ராயபுரம் பக்கம் மொட்டை மாடியில கரி படியும். 2011ல அதை எண்ணூருக்கு மாத்தினதுலேர்ந்து அந்தத் தொல்லை இந்தப் பக்கம் குறைஞ்சிருக்கு. பாவம், எண்ணூர்க்காரங்க.

வேலை நடுவுல வெல்டரோட பையன் சர்வசாதாரணமா ஷீட் மேல கால் வைக்கப் போனான். "டேய், உள்ளே போயிடுவடா!"ன்னு மேஸ்திரி போட்ட சத்தத்துல பக்கத்து வீட்டுக்காரங்களே எட்டிப் பாத்தாங்க. அப்புறம் ஃபிரேம்லேர்ந்து ஃபிரேமுக்குப் பலகை போட்டுத்தான் நடந்தாங்க. கீழே முற்றத்துல யாரையும் நிக்க விடல. வெளிநாட்டுலேர்ந்து போன்ல வேலை நடத்தறவங்க பலகை போடறாங்களான்னு வீடியோவுல காட்டச் சொல்லுங்க.

நான் கிளம்பறதுக்கு முன்னாடி ராத்திரி இடியோட ஒரு நல்ல மழை. திட்டுலயும் ஷீட்லயும் ஒரு சொட்டு இறங்கல. கிழக்குப் பக்க லூவர் வழியா மட்டும் லேசா சாரல் அடிச்சுது. வடகிழக்குப் பருவமழையில காத்து அந்தப் பக்கம்தான் அடிக்கும், அதனால அங்கே தகடை இன்னும் சாய்வா, ஒண்ணு மேல ஒண்ணு ஏறின மாதிரி மாத்தணும். மேஸ்திரி புரட்டாசிக்குள்ள முடிச்சுத் தர்றேன்னு சொல்லியிருக்கார். அவர் கூலியில ஒரு பங்கை ஐப்பசி மழை தாண்டி, அம்மா சரின்னு சொன்ன பிறகு ஜி-பேயில அனுப்பறதா பேச்சு. அவர் உடனே ஒத்துக்கிட்டார். வெல்டர் ஒத்துக்கல, அவர் கணக்கை அன்னிக்கே முடிச்சிட்டேன்.