துவக்கைத் திருத்தக் கொடுக்கும் முன் இதை வாசியுங்கள்: வளையம் ஒன்றை இடம் மாற்றினால் தீர்ந்திருக்கும் பழுதுக்கு நான் கொடுத்த 38,000 ரூபாய்

தம்பலகாமம் பக்கத்தில் வேளாண்மை செய்பவர்களில், பயிர்ப் பாதுகாப்புக்காக அனுமதிப்பத்திரத்துடன் துவக்கு வைத்திருப்போர் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். திருகோணமலை நகரில் துவக்குத் திருத்தும் ஒருவரிடம் நான் பணத்தை மட்டுமல்ல, கதிர் முற்றும் நேரத்தில் 47 காவல் இரவுகளையும் இழந்தேன்.

அப்பா விட்டுச்சென்றது பெல்ஜியத்தில் செய்த பழைய பிரௌனிங் ஓட்டோ 5, தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் துவக்கு, குழல் அளவு பன்னிரண்டு போர் (bore). 1900ஆம் ஆண்டு காப்புரிமை பெற்ற அந்த வடிவமைப்பில், வெடித்தவுடன் குழலும், அதன் பின்பக்கத்தை அடைக்கும் பூட்டும் ஒன்றாகச் சேர்ந்து முழுத் தூரமும் பின்வாங்கும். பின்னர் குழல் மட்டும் முன்னே திரும்புகையில் வெற்றுக் கோது வெளியே தெறிக்கும். அதன் பிறகே பூட்டு அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொண்டு முன்வரும். அப்பாவின் காலத்தில் அது ஒருநாளும் சிக்கியதில்லை. கடந்த பெரும்போகத்தில், காட்டுப்பன்றிக் கூட்டம் ஒன்றை விரட்ட வெடி வைத்தபோது, கோது பாதி வெளியே வந்த நிலையில், அது தெறிக்கும் பக்கத்துத் திறப்பில் கடிபட்டு நின்றது. அடுத்த தோட்டா ஏறவில்லை. இருட்டில், ஒரு கையில் டோர்ச் லைட்டுடன், மற்றக் கையால் அதைப் பிடுங்கி எடுத்தேன். அன்று மூன்று முறை அப்படி நடந்தது.

நகரத்துத் திருத்துநர் துவக்கை இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, “ஐயா, உள்ளே இருக்கிற பெரிய வில் (ஸ்பிரிங்) செத்துப்போச்சு, வெளிநாட்டிலிருந்து எடுக்க வேணும்” என்றார். நான் நம்பினேன். துவக்கின் இலக்கம் குறித்த பற்றுச்சீட்டு ஒன்றை அவரிடம் கேட்டு வாங்காததே நான் செய்த பெரிய பிழை. அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான காலம் அது. அந்த நாட்களில் யாராவது துவக்கு எங்கே என்று கேட்டிருந்தால், அது அவரிடம் இருக்கிறது என்று காட்ட என் கையில் ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை.

திரும்பி வந்த துவக்கு முன்னையதைவிட மோசமாக இருந்தது. முன்பு கோது பாதியாவது வெளியே வந்தது. இப்போது சில வேளைகளில் குழலுக்குள்ளேயே தங்கியது. குழலின் கீழே கை பிடிக்கும் மரமான முன்கட்டையைக் கழற்றிப் பார்த்தேன். “புதிய” வில்லின் கடைசிச் சுற்றில், நான் வீட்டில் துடைக்கும்போதெல்லாம் விரலில் தட்டுப்பட்ட அதே துருப்புள்ளி, நெல்மணி அளவில், அப்படியே இருந்தது. குழலின் கீழே தோட்டாக்களை அடுக்கி வைக்கும் தோட்டாக் குழாய் முழுவதும் எமரித் தாளால் தேய்த்த கீறல்கள். கோதைப் பற்றி இழுக்கும் கொக்கியின் நுனி அரத்தால் ராவப்பட்டு மழுங்கியிருந்தது.

பிறகு உப்புவெளியில் இருக்கும், இப்போது தொழிலை விட்டுவிட்ட வயதான ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் முதலில் துவக்கு வெறுமையாக இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தார், பிறகு கேட்ட ஒரே கேள்வி, “தம்பி, தோட்டாவை மாத்தினீங்களோ?” என்பதுதான். மாற்றித்தான் இருந்தேன். அப்பா எப்போதும் 36 கிராம் ஈயக்குண்டு உள்ள தோட்டாவே போடுவார். எனக்குக் கிடைத்தவை 28 கிராம். அந்த மாற்றத்தையும் இந்தப் பழுதையும் நான் ஒருபோதும் இணைத்து யோசிக்கவில்லை.

அவர் காட்டியதை இங்கே விரிவாகவே சொல்கிறேன். தோட்டாக் குழாயின் மேல் பெரிய வில்லும், ஓர் உருக்கு வளையமும், வெண்கலப் பிடிப்பான் ஒன்றும் இருக்கின்றன. அப்பா போட்டதைப் போன்ற கடுமையான தோட்டாவுக்கு வளையம் வில்லின் முன்னால், பிடிப்பானை ஒட்டி நிற்க வேண்டும். அப்போது அது பிடிப்பானை இறுக்கி, குழலின் வேகத்தைக் கட்டுப்படுத்தும். எனக்குக் கிடைத்ததைப் போன்ற மென்மையான தோட்டாவுக்கு அதே வளையத்தைக் கழற்றி, வில்லின் பின்னால், துவக்கின் உடலோடு ஒட்டி வைத்துவிட வேண்டும். அங்கே அதற்கு வேலையில்லை. என் துவக்கில் வளையம் அப்பா வைத்த இடத்திலேயே இருந்தது. மென்மையான தோட்டாவால் அந்தப் பிடியை மீறிக் குழலை முழுத் தூரமும் தள்ள முடியவில்லை. வில் உண்மையிலேயே தளர்ந்திருந்தால் குழல் கூடுதலாகப் பின்வாங்குமே தவிர, குறைவாக அல்ல. ஆகவே எனக்குச் சொல்லப்பட்ட காரணம் பழுதுக்கு நேர் எதிரானது. இந்தத் தொழில் செய்பவருக்கு அது தெரியாமல் இருக்க முடியாது என்றே நான் கருதுகிறேன். (பிறகு கடுமையான தோட்டா போடும்போது வளையத்தைத் திரும்ப முன்னால் வைக்க மறக்க வேண்டாம், மறந்தால் அடி தாங்காமல் முன்கட்டை பிளந்துவிடக்கூடும்.)

பெரியவர் வளையத்தை மாற்றி, கீறல் விழுந்த குழாயைத் துடைத்து, மெல்லிய எண்ணெய் ஒரு துளி தடவினார். காசு வாங்க மறுத்துவிட்டார். மழுங்கிய கொக்கியை மட்டும் அவரால் சரிசெய்ய முடியவில்லை.

நகரத்துத் திருத்துநரிடம் திரும்பிப் போய்த் துருப்புள்ளியைக் காட்டினேன். “எல்லா வில்லும் துருப்பிடிக்கும் ஐயா” என்றார். பணம் திரும்பவில்லை.

துவக்கைக் கொடுக்கும்போது, திருத்துபவரின் அனுமதிப்பத்திரத்தைக் கண்ணால் பாருங்கள். இலக்கத்துடனும் திகதியுடனும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தரும்படி முதலே சொல்லிவையுங்கள். எந்தத் தோட்டாவில் சிக்கியதோ அதன் பெட்டியையும் கூடவே கொண்டுபோங்கள்.

எனக்கு இன்னும் கொக்கி கிடைக்கவில்லை. இந்தப் போகத்துக்குப் பரணில் யானை வெடியும் டோர்ச் லைட்டும்தான்.