"20 தொன் பிரஸ்" சாமான் வாங்கப் போகிறீர்களா? முதலில் தராசில் வையுங்கள்

கொழும்பில் வீட்டுப் பட்டறைக்கு ஹைட்ராலிக் பிரஸ் (ஒயில் அழுத்தத்தால் பொருளை அமுக்கும் இயந்திரம்) செய்ய இறங்குகிறவர்கள் கவனிக்கவும். பஞ்சிகாவத்தைப் பக்கம் ஒரு கடை "ஜப்பான் ரீகண்டிஷன், 20 தொன்" என்று விற்ற போத்தல் ஜாக் (போத்தல் போல் நிற்கும், ஒயிலால் தள்ளும் ஜாக்), திறந்து பார்த்தால் 12 தொன் ஜாக். பிரேம் அடித்துக் கொடுத்த வெல்டிங் பட்டறை 150×75 மி.மீ. உருட்டிய சனலுக்கு (C வடிவ இரும்புச் சட்டம்) காசு வாங்கிக்கொண்டு, தகடு மடித்த சனலைப் போட்டிருந்தது. இரண்டு சாமானும் புதுப் பெயின்டில் பளபளவென்றுதான் இருந்தன. பெயர் போட்டால் அந்த இரண்டு இடங்களை மட்டும் தவிர்த்துவிட்டு அடுத்த கடையில் போய் ஏமாறுவீர்கள். அதனால் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைத்தான் எழுதுகிறோம்.

ஜாக்கில் ஸ்டிக்கரைப் பார்க்கவே வேண்டாம். 20 தொன் போத்தல் ஜாக் ஏறக்குறைய 10 கிலோ இருக்கும். 12 தொன் ஜாக் 6, 7 கிலோதான். கையில் தூக்கினால் ஏமாறலாம், தராசில் ஏமாற மாட்டீர்கள். இந்த ஜாக் ஆறரைக் கிலோ. அடித்தட்டில் வார்ப்பிலேயே இருந்த எழுத்தைக் கிரைண்டரால் தேய்த்துவிட்டு, மேலே சிவப்புப் பெயின்ட் அடித்திருந்தார்கள். தேய்த்த இடம் மட்டும் வழுவழுவென்றும், சுற்றிவர வார்ப்புச் சொரசொரப்பாகவும் இருந்தது. விரலால் தடவினாலே தெரியும்.

உறுதி செய்ய ஒரே வழி சிலிண்டரின் உள்விட்டம். வெளியே தெரியும் தண்டின் விட்டத்தை அளந்து பிரயோசனமில்லை, அழுத்தம் வாங்குவது உள்ளே சீல் (ஒயில் ஒழுகாமல் தடுக்கும் வளையம்) மாட்டிய பிஸ்டன். அழுத்தத்தைப் பார் என்ற அலகிலும் பரப்பைச் சதுர சென்டிமீட்டரிலும் எடுத்துப் பெருக்கினால், கிட்டத்தட்ட கிலோவில் விசை வரும். உள்விட்டம் 50 மி.மீ. என்றால் பரப்பு 19.6. 600 பாரில் 12 தொன் கிடைக்கும். அதே சிலிண்டரில் 20 தொன் வேண்டுமானால் 1000 பார் ஏற்ற வேண்டும், அதை அந்தச் சீலும் தாங்காது, அந்த அடித்தட்டும் தாங்காது. 600 பாரில் 20 தொன் தர உள்விட்டம் 64, 65 மி.மீ. இருக்க வேண்டும்.

இதைவிட மோசமான வேலை ஒன்றும் நடந்திருந்தது. அடித்தட்டில் சின்ன மூடிக்குக் கீழே குண்டு, ஸ்பிரிங், திருகு என்று ஓவர்லோட் வால்வு இருக்கும். அளவு மீறினால் ஒயிலைத் திருப்பி விடுவது அதுதான். அந்தத் திருகைக் கடைசிவரை இறுக்கி விட்டிருந்தார்கள். கடையில் வைத்துப் பம்ப் அடித்தால் நிற்காமல் தள்ளும், வாங்குகிறவர் "நல்ல பலம்" என்று நினைப்பார். மூடியில் பிளையர் கடித்த அடையாளம் இருந்தால் அந்த ஜாக்கை வைத்துவிட்டு வாருங்கள்.

ஒயிலையும் பாருங்கள். ஒரு துளியைத் தண்ணீர்க் கிளாஸில் விடுங்கள். ஹைட்ராலிக் ஒயில் மேலே மிதக்கும். தண்ணீரோடு கலந்து போனால் உள்ளே இருப்பது பிரேக் ஃபுளூயிட். சாதாரண நைட்ரைல் சீல் அதில் ஊறி வீங்கி, கொஞ்ச நாளில் ஒழுகும். கழுவி, சீல் மாற்றி, 32 நம்பர் ஹைட்ராலிக் ஒயில் விட வேண்டும். ராமை (வெளியே எழும் தண்டை) முழுக்க இறக்கி வைத்து, நிரப்பும் துளையின் விளிம்பு மட்டம் வரை.

"தம்பி, இதைத் தலைகீழாப் போட்டாலும் தள்ளும்" என்றும் சொல்வார்கள். தள்ளாது. பம்ப் ஒயிலை இழுக்கும் வாய் அடியில் இருக்கிறது. கவிழ்த்தால் அங்கே காற்றுத்தான் நிற்கும். ஜாக்கை நிமிர்த்தியே, பிரேமின் மேல் பீமிலிருந்து (மேல் குறுக்குச் சட்டம்) இரண்டு ஸ்பிரிங்கில் தொங்கும் தட்டின் மேல் வையுங்கள். ராம் மேல் பீமை உந்தும், தட்டு கீழே இறங்கி, அமுக்க வேண்டிய பொருளை அழுத்தும்.

இனி பிரேம். உருட்டிய சனலும் மடித்த சனலும் டேப்பில் ஒரே அளவு காட்டும். வெட்டு முகத்தைப் பாருங்கள். உருட்டியதில் வெளி மூலை கூராக இருக்கும், உள்மூலை சதை பிடித்தது போல் தடித்திருக்கும், இரண்டு பக்கக் கால்களும் நுனிக்குப் போகப் போக மெலியும். மடித்ததில் வெளி மூலை உருண்டிருக்கும், எங்கும் ஒரே தடிப்பு. பட்டறைக்காரர் நுனிகளில் தகடு ஒட்டி மூடிக் கொடுத்தால், மூடுமுன் ஏன் காட்டவில்லை என்று கேளுங்கள். 150×75×6.5 சனல் மீட்டருக்கு 18.6 கிலோ, 20 அடி நீளம் 113 கிலோ. 4 மி.மீ. தகட்டில் மடித்தது அதில் பாதிதான். கூரை வேலைக்கு அது போதும்.

நிறை பாதியானால் பலமும் பாதி. 600 மி.மீ. இடைவெளியில் நடுவே 20 தொன் உந்தினால், மேல் பீமாகப் போடும் உருட்டிய 150×75 சனல் சோடியில் வரும் தகைப்பு (இரும்பின் சதுர அளவுக்கு விழும் விசை) 130 மெகாபாஸ்கலுக்குள் நிற்கும். சாதாரண இரும்பு 250இல் வளையத் தொடங்கும். மடித்த சோடி 265ஐத் தொடும். அதற்கு முன்பே ஜாக் உந்தும் இடத்தில் மெல்லிய தகடு நெளிந்துவிடும். "100×50 போதும், நாங்கள் எப்பவும் அதில்தான் அடிக்கிறோம்" என்பவர்களும் உண்டு. அந்தச் சோடி 12, 13 தொன்னிலேயே வளையும்.

மேசையைத் தாங்க பிரேம் துளைகளில் குறுக்கே செருகும் பின் தண்டுக்கு 20 மி.மீ. கொங்கிரீட் கம்பியை வெட்டிக் கொடுத்திருந்தார்கள். வரிக் கம்பி துளையில் முழுதாகப் படியாது, மென் இரும்பென்று எடுத்தாலும் 20 மி.மீ. இந்தப் பாரத்துக்குப் போதாது. குறைந்தது 25 மி.மீ. ரவுண்ட், முடிந்தால் இ.என்.8 (நடுத்தரக் கார்பன் உருக்கு). போல்ட் தலையில் 8.8 என்ற பலத் தர அடையாளம் இல்லாவிட்டால் வாங்க வேண்டாம். அழுத்தும் கட்டைக்கு வார்ப்பிரும்புத் துண்டு தந்தால் திருப்பிக் கொடுங்கள், அது வளையாமல் சிதறும். 25 மி.மீ. மென் இரும்புத் தட்டு வையுங்கள்.

ஒயில் ஊசி போல் பீச்சிக் கையில் பட்டால், காயம் புள்ளியளவு இருந்தாலும் உடனே தேசிய வைத்தியசாலை விபத்துப் பிரிவுக்குப் போக வேண்டும். வலி இல்லை என்று வீட்டில் இருக்கக் கூடாது.

பில்லில் "ஜாக் 1" என்றுதான் எழுதுவார்கள். "20 தொன்", "உருட்டிய சனல் 150×75×6.5" என்று எழுதச் சொல்லுங்கள், எழுத மறுத்தால் அங்கேயே விடை தெரிந்துவிடும். ஏற்கனவே வாங்கியவர்கள் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு, வாங்கி 3 மாதத்துக்குள், எழுத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். விவரம் கேட்க 1977. அதுவரை தேய்த்த அடித்தட்டையும் வெட்டிய சனல் துண்டையும் பழைய இரும்புக்குப் போடாதீர்கள், விசாரணையில் காட்ட அவைதான் இருக்கும்.