பாறை வரைபடமா, நீர் மாதிரியா?

அமில மழை எந்த மலை ஏரியைக் கெடுக்கும் என்று முன்கூட்டியே சொல்ல இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, நேரில் போய் நீரை எடுத்துச் சோதிப்பது. மற்றொன்று, உட்கார்ந்த இடத்திலிருந்தே நிலவியல் வரைபடத்தைப் படிப்பது.

நேர்ச் சோதனையில் பி.எச்., அதாவது நீரின் அமிலத்தன்மையைக் காட்டும் அளவு, மட்டும் போதாது. அது இன்றைய நிலையைத்தான் சொல்லும். இனி எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்வது, அமிலத்தைச் சமன்செய்யும் திறன். ஏரி நீரில் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து அதை அளப்பார்கள். அந்தத் திறன் லிட்டருக்கு 50 மைக்ரோஈக்விவலன்ட்டுக்குக் (எவ்வளவு அமிலத்தைச் சமன்செய்யும் என்பதைக் குறிக்கும் அலகு) கீழே இருந்தால் ஏரி வலுக்குறைந்தது என்று பொதுவாகக் கொள்கிறார்கள். நம்பகமான முறைதான், ஆனால் சாலையே இல்லாத ஏரிகளுக்கெல்லாம் யார் நடப்பது? பருவமும் ஏமாற்றும். கோடை இறுதியில் எடுத்த மாதிரி நலமாகத் தெரியும். பனி உருகி, அதில் தேங்கியிருந்த அமிலம் மொத்தமாக இறங்கும் வாரங்களில் அதே ஏரி தள்ளாடும்.

வரைபடத்துக்கு அந்த அலைச்சல் இல்லை. கிரானைட் படுகை, மெல்லிய மண், செங்குத்துச் சரிவு, அதிக உயரம் எல்லாம் சேர்ந்தால் ஆபத்து. சுண்ணாம்புப் பாறை என்றால் பெரும்பாலும் கவலையில்லை. ஆனால் கிரானைட்டுக்குள் ஓடும் சிறு கால்சைட் (அமிலத்தைச் சமன்செய்யும் சுண்ணாம்புக் கனிமம்) இழையே ஓர் ஏரியைக் காப்பாற்றிவிடும். வரைபடத்தில் அது தெரியாது.

வட அமெரிக்காவின் ராக்கி மலைத்தொடர் போன்ற பரந்த இடத்துக்கு நான் வரைபடத்தையே முதலில் எடுப்பேன். அது ஆபத்து என்று காட்டும் ஏரிகளுக்கு மட்டும் குப்பியோடு போகலாம், அதுவும் பனி உருகும்போது.