இரண்டாம் ஆண்டில் லெய்டனா, மூன்றாம் ஆண்டில் லண்டனா?

அமெரிக்கச் சட்டக் கல்லூரியில் வழக்கறிஞராவதற்கான மூன்றாண்டு ஜே.டி. பட்டம் படிப்பவர் அதில் ஓர் ஆண்டை வெளிநாட்டில் கழிக்க நினைத்தால், பெரும்பாலும் இரண்டு வழிகள் உண்டு. இரண்டாம் ஆண்டில் பரிமாற்ற மாணவராகப் போகலாம். அல்லது மூன்றாம் ஆண்டை லண்டனில் எல்.எல்.எம். என்னும் சட்ட முதுநிலைப் படிப்பாக மாற்றிக்கொண்டு இரண்டு பட்டங்களோடு திரும்பலாம். நான் முதல் வழியில் நெதர்லாந்தின் லெய்டனுக்குப் போய் வந்தவன் என்பதால் என் சாய்வை மறைக்கப்போவதில்லை. லண்டனைப் பற்றி நான் எழுதுவது, அங்கே படித்த இரண்டு சீனியர்களிடம் கேட்டறிந்தது.

மொழி இரு இடங்களிலும் சிக்கலில்லை. லெய்டனிலும் எனக்கு எல்லாப் பாடங்களும் ஆங்கிலத்தில்தான் நடந்தன. செலவில் லண்டனே தோற்கும் என்று சொல்லிவிட முடியாது. பரிமாற்ற மாணவர் தம் கல்லூரியின் கட்டணத்தையே கட்டுகிறார். லண்டனுக்குப் போகிறவர் அங்குள்ள கட்டணத்தைக் கட்டுகிறார். அமெரிக்கத் தனியார் கல்லூரிகள் கேட்கும் தொகையோடு வைத்துப் பார்த்தால் லண்டன் மலிவாகவும் அமையலாம். மாணவர் விசாவோடு ஆண்டுக்கு 776 பவுண்டு மருத்துவ வரி கட்ட வேண்டும் என்பதை மட்டும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என் முடிவைத் தீர்மானித்தது நாட்காட்டிதான். வழக்கறிஞர் உரிமம் பெற எழுத வேண்டிய பார் தேர்வு ஜூலை மாதத்தின் கடைசிச் செவ்வாய், புதன் கிழமைகளில் நடக்கிறது. அதை எழுத, பெரும்பாலான மாநிலங்களில் ஜே.டி. முடிந்துவிட்டதென்று கல்லூரி சான்றளிக்க வேண்டும். லண்டனிலோ எல்.எல்.எம். தேர்வுகள் மே, ஜூன் மாதங்களில் நடக்கின்றன. தேர்வுக் குழு கூடிய பிறகே மதிப்பெண் வெளியாகும். ஆய்வேட்டுக்கான கெடு பெரும்பாலும் ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ வருகிறது. ஒரு சீனியரின் மதிப்பெண் பட்டியல் ஜூலை நடுவில்தான் வந்து சேர்ந்தது. அதுவரை அவர் தினமும் காலையில் மின்னஞ்சலைப் பார்த்துவிட்டுத்தான் பார் தேர்வுக்கான 200 கொள்குறி வினாக்களின் பயிற்சியில் உட்காருவாராம். மேசையின் மறுபக்கத்தில் பாதி எழுதிய ஆய்வேடு கிடந்திருக்கிறது. ஹார்வர்டும் கேம்பிரிட்ஜும் சேர்ந்து வழங்கும் இரட்டைப் பட்டத்தில், மூன்றாம் ஆண்டைக் கேம்பிரிட்ஜில் கழித்தவர் திரும்பி வந்து மேலும் ஒரு செமஸ்டர் படித்து, மூன்றரை ஆண்டில் முடிக்கிறார். அப்படிப்பட்ட ஏற்பாடு இருந்தால் பிப்ரவரியில் நடக்கும் பார் தேர்வுக்கு நிதானமாகத் தயாராகலாம். என் கல்லூரியில் அது இல்லை.

இரண்டாம் ஆண்டில் போனால் இந்த நெருக்கடி எழுவதில்லை. லெய்டன் மதிப்பெண்கள் தாமதமாக வந்தாலும் எனக்கு இன்னும் ஓராண்டு கையில் இருந்தது. ஜே.டி.க்குக் குறைந்தது 83 கிரெடிட் வேண்டும். முதலாண்டில் 30, லெய்டனிலிருந்து ஏற்கப்பட்டவை 26, கடைசி ஆண்டில் 28 என்று 84 ஆனது. தொழில் ஒழுக்கவியல் பாடம், ஆய்வுக் கட்டுரை, 6 கிரெடிட் செய்முறைப் பயிற்சி ஆகிய கட்டாயங்களைத் திரும்பி வந்தபின் முடித்தேன். எந்தப் பாடத்துக்கு எத்தனை கிரெடிட் என்பதைப் புறப்படும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்; வாய்மொழி உறுதியை நம்பி விமானம் ஏறியதால் நான் 2 கிரெடிட்டை இழந்தேன்.

படிப்பிலும் எனக்கு லெய்டனே கூடுதலாகக் கொடுத்தது. ஒப்பந்தச் சட்ட வகுப்பின் முதல் வாரத்தில், ஒரு தரப்புக்கு மட்டும் சாதகமான ஒரு நிபந்தனையைக் காட்டிப் பேராசிரியர் கேட்டபோது, நான் பழக்கதோஷத்தில் முன்தீர்ப்பை, அதாவது நீதிமன்றம் முன்பு அளித்த தீர்ப்பைத் தேடினேன். பக்கத்தில் இருந்த டச்சு மாணவி சிவில் சட்டத் தொகுப்பின் 6ஆம் நூலில் 248ஆம் பிரிவைத் திறந்து என் பக்கம் தள்ளினாள். நியாயத்துக்கும் நேர்மைக்கும் ஒவ்வாத நிபந்தனை, ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும் செல்லாமல் போகலாம் என்கிறது அது. ஆங்கிலேயச் சட்டமோ ஒப்பந்தங்களில் நல்லெண்ணத்தைப் பொதுக் கடமையாக ஏற்பதில்லை. லண்டனில் எனக்குப் பழகிய சிந்தனையே கிடைத்திருக்கும். லூசியானா நீங்கலாக அமெரிக்க மாநிலங்கள் எல்லாம் முன்தீர்ப்புகளை அடிப்படையாகக் கொள்ளும் பொதுச் சட்ட மரபில் இருப்பதால், இந்த அதிர்ச்சியை ஊரில் பெறுவது கடினம். தி ஹேக் ரயிலில் கால்மணி நேரப் பயணம்தான். சர்வதேச நீதிமன்றத்தின் விசாரணை ஒன்றைப் பார்வையாளர் வரிசையில் அமர்ந்து கேட்டேன். தமிழ் வாசகர்களுக்கு லெய்டன் என்றால் சோழர் செப்பேடுகள்தான் நினைவுக்கு வரும். எங்கள் சட்டத் துறையின் கட்டடமோ 1908இல் ஹீலியம் முதன்முதலில் திரவமாக்கப்பட்ட ஆய்வுக்கூடம்.

இழந்தவையும் உண்டு. சட்ட இதழில் சேரும் வாய்ப்பைக் கைவிட்டேன். மாதிரி நீதிமன்றப் போட்டியிலும் கலந்துகொள்ளவில்லை. கோடைக்கால வேலைக்கான நேர்காணல்கள் நான் கிளம்பும் முன்பே காணொளியில் முடிந்துவிட்டன. உங்கள் கல்லூரியில் அவை செப்டம்பருக்குத் தள்ளிப்போனால் நேர வித்தியாசமே பெரிய இடைஞ்சலாகும். நீதிபதிகளிடம் கிளார்க்காக, அதாவது வழக்கு ஆய்வில் உதவும் சட்ட உதவியாளராக விண்ணப்பிப்பவர்களுக்கு, வெறும் தேர்ச்சி என்று மட்டும் பதிவாகும் ஓராண்டு மதிப்பெண் எவ்வளவு பாதகம் என்பதில் நான் பேசத் தகுதியற்றவன், நான் விண்ணப்பிக்கவில்லை. லண்டனிலோ நியூயார்க்கிலோ சர்வதேச நடுவர் மன்ற வழக்குகளில் வேலை தேடுபவருக்கு எல்.எல்.எம். பட்டம் உதவியது என்று இரண்டாம் சீனியர் சொல்கிறார். ஆனால் அவர் ஜூலைத் தேர்வை விட்டுவிட்டுப் பிப்ரவரியில்தான் எழுதினார்.