32 மாணவிகளில் தொடங்கிய கேம்ஃபெட்: நன்கொடை தர நினைப்போருக்கு ஒரு மதிப்பீடு

ஆப்பிரிக்கப் பெண் குழந்தைகளின் கல்விக்காக நன்கொடை கேட்கும் அமைப்புகள் பல இருக்கின்றன. அவற்றுள் எதற்குக் கொடுக்கலாம் என்று யோசிப்பவர்கள், பிரிட்டனில் பதிவுபெற்ற கேம்ஃபெட்டின் வரலாற்றைப் படித்துவிட்டு முடிவெடுப்பது நல்லது. அதன் இன்றைய நடைமுறைகளில் பெரும்பாலானவை அந்த வரலாற்றிலிருந்தே பிறந்தவை.

பெண் குழந்தைகளின் பள்ளிச் சேர்க்கை ஏன் குறைவாக இருக்கிறது என்று ஆராய்வதற்காக, 1991இல் இவ்வமைப்பின் நிறுவனர் ஆன் காட்டன் ஜிம்பாப்வேயின் மோலா என்ற ஊருக்குச் சென்றார். பெண்ணைப் படிக்கவைக்கக் குடும்பங்கள் தயங்குவதற்கு மரபும் வழக்கமுமே காரணம் என்பது அப்போது பரவலாக இருந்த எண்ணம். அவர் அங்கே சந்தித்த இரு சிறுமிகளோ, மோலாவில் கட்டணம் குறைவு என்பதற்காகவே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் நடந்து வந்து, ஒரு குடிசையில் பெரியவர்கள் துணையின்றித் தங்கிப் படித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் கட்டப் பணம் இல்லாத பெற்றோர், பின்னாளில் சம்பள வேலை கிடைக்க வாய்ப்பு அதிகம் என்று கருதி மகனுக்குக் கட்டினார்கள்; மகள் நின்றுவிட்டாள். அதே ஆண்டு தொடங்கிய பொருளாதாரச் சீரமைப்புத் திட்டம் கல்விச் செலவில் ஒரு பங்கைக் குடும்பங்களின் தலையில் ஏற்றியது. மறு ஆண்டு கடும் வறட்சி வேறு.

ஊர் திரும்பிய ஆன் காட்டன், கேம்பிரிட்ஜ் சந்தையில் கேக் விற்றுப் பணம் திரட்டினார். 1993இல் அமைப்பு உருவானபோது அதனால் படிக்கவைக்க முடிந்தவர்கள் 32 மாணவிகள்.

கொடுக்கும் பணம் எப்படிச் செலவாகிறது என்பதில்தான் இவ்வமைப்பு எனக்குப் பிடித்துப்போனது. கட்டணத்தைக் கட்டிவிட்டால் மட்டும் ஒரு பெண் பள்ளியில் நிலைத்துவிடுவதில்லை என்பதை உணர்ந்து, சீருடை, காலணி, நோட்டுப் புத்தகம், மாதவிடாய் அணையாடை, தொலைவிலிருந்து வருவோருக்கு விடுதிச் செலவு என்று தேவைக்கேற்ப உதவுகிறார்கள். யாருக்கு உதவி வேண்டும் என்பதைக் கேம்பிரிட்ஜில் இருப்பவர்கள் முடிவு செய்வதில்லை. ஆசிரியர்கள், பெற்றோர், ஊர்ப் பெரியவர்கள் அடங்கிய உள்ளூர்க் குழுக்கள் முடிவு செய்கின்றன. எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது அவர்களுக்குத்தானே தெரியும்.

1998இல் முன்னாள் மாணவிகள் சேர்ந்து தங்களுக்கென ஒரு சங்கத்தைத் தொடங்கினார்கள். படிப்பை முடித்த இளம்பெண்களில் பலர் இன்று அதே ஊர்ப் பள்ளிகளுக்கு வழிகாட்டிகளாகத் திரும்பி வந்து, பாடத்தோடு வாழ்க்கைத் திறன்களையும் கற்பிக்கிறார்கள். ஒரு மாணவி சில நாள் வராவிட்டால் வீட்டுக்கே போய் விசாரிக்கிறார்கள். இதற்குக் கைம்மாறாக, சிறுதொழில் தொடங்க வட்டியில்லாக் கடன் பெறும் வாய்ப்பு அவர்களுக்கு உண்டு. முதல் 32 பேரில் ஒருவரான ஆஞ்சலின் முரிமிர்வா அமைப்பின் தலைமை நிர்வாகி ஆகியிருக்கிறார். உதவி பெற்றவரே உதவியை நிர்வகிக்கும் நிலைக்கு வருவது இத்துறையில் அரிது. 2021இல் அமைப்புக்கு ஹில்டன் மனிதநேயப் பரிசு கிடைத்ததைவிட எனக்கு இதுவே பெரிதாகப் படுகிறது.

குறையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். ஜிம்பாப்வே, சாம்பியா, கானா, தான்சானியா, மலாவி என்று ஐந்து நாடுகளுக்குப் பரவிய பிறகு, அறிவிப்புகளில் வரும் இலக்குகள் லட்சங்களில் இருக்கின்றன. ‘ஆதரவு பெற்றவர்’ என்ற சொல்லுக்குள், ஆண்டு முழுவதற்கும் கட்டணம் பெற்ற மாணவியும், முன்னாள் மாணவி ஒருவரிடமிருந்து நோட்டுப் புத்தகம் பெற்ற மாணவியும் சேர்ந்தே அடங்கக்கூடும். நன்கொடையாளர் ஆண்டறிக்கையை வாசிக்கும்போது இவ்விரண்டையும் பிரித்துப் பார்ப்பது அவசியம்.

ஒரு குறிப்பிட்ட சிறுமியின் படமும் கடிதமும் தமக்கு வர வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு இது ஏற்ற இடமல்ல. மற்றவர்கள் சிறு தொகையாக இருந்தாலும் மாதந்தோறும் தருவதே சிறந்தது. பள்ளிக் கட்டணம் பருவத்துக்குப் பருவம் வந்துகொண்டே இருக்கும், அதை இடையில் நிறுத்த முடியாது.